கார் பிடித்திருக்கிறது, சீட் ஒத்துவரவில்லை: எந்த வேரியன்ட் எடுப்பது?

என் முதல் காரின் சீட் எனக்கு ஒத்துவராது என்பது, வண்டி எடுத்து நாற்பது நாள் கழித்து, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பயணம், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம் பைபாஸில் இடுப்பு பிடிக்க ஆரம்பித்தது. திருச்சியில் சாப்பிட இறங்கியபோது, கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துத்தானே வாங்கினோம்? ஆமாம், ஆனால் உட்கார்ந்து பார்த்ததும் ஓட்டிப் பார்த்ததும் டாப் எண்ட், அதாவது அந்தக் காரிலேயே விலையும் வசதியும் கூடிய வேரியன்ட் (வகை). வாங்கியது அதற்கு இரண்டு படி கீழே. அதில் சீட்டை உயர்த்தும் லீவர் இருந்தது, இதில் இல்லை. அதில் ஸ்டீயரிங் மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்ந்தது. இதில் மேலும் கீழும் மட்டும்.

அதன்பிறகு மணி கோர்த்த சீட் கவர், காற்றடைக்கும் தலையணை, வளைந்த ஃபோம் பட்டை என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நாலு வருஷம் ஓட்டிவிட்டு விற்றேன். வாங்கியவர் என்னைவிட அரை அடி உயரம். ஏறி உட்கார்ந்ததும் "சீட் அருமையா இருக்குங்க" என்றார். அதே சீட்தான்.

இந்த வருஷம் மதுரையில் அக்கா குடும்பம் கார் எடுக்கக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அத்தான் ஆறடி, அக்கா ஐந்தடி ஒன்று, இரண்டு பேரும் ஓட்டுவார்கள். பின்னால் அத்தானின் அம்மா, முழங்கால் வலிக்காரர். மூன்று வெவ்வேறு உடம்புக்கு ஒரே வண்டி. அப்போது நாங்கள் பார்த்ததையும் என் அனுபவத்தையும் சேர்த்து, எந்த வரிசையில் போனால் தவறான வேரியன்ட்டில் மாட்டாமல் இருக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதல் படி: எது உறுத்துகிறது என்று பிரியுங்கள்

"சீட் சரியில்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலு வேறு புகார்கள் ஒளிந்திருக்கும். இதைப் பிரிக்காமல் வேரியன்ட் பட்டியலைத் திறந்தால் காசுதான் போகும்.

ஒன்று, வடிவம். சீட்டின் அகலம், உட்காரும் பலகையின் நீளம், பக்கவாட்டு மேடுகள் இடுப்பை நெருக்குவது, முதுகுப் பகுதியின் வளைவு தவறான இடத்தில் குத்துவது. பெரும்பாலான கார்களில் பேஸ் முதல் டாப் வரை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் ஃபோமும் ஒன்றுதான், மேலே போர்த்திய துணிதான் மாறும். ஆக, வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் மேல் வேரியன்ட்டுக்குப் போவதில் பலனில்லை. வேறு கார் பாருங்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்தாலே பாதிப் பேர் ஒரு லட்ச ரூபாய் மிச்சப்படுத்தலாம்.

இரண்டு, அமைப்பு. சீட் நல்ல சீட்தான், ஆனால் உங்கள் உயரத்துக்கு வந்து உட்காரவில்லை. தலை கூரையை உரசுகிறது, அல்லது பானெட் தெரியவில்லை, அல்லது கிளட்சுக்காக முன்னே நகர்ந்தால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. இதற்குத்தான் வேரியன்ட் மாற்றம் உண்மையான மருந்து.

மூன்று, மேலுறை. ரெக்ஸின் சூடு, வியர்வை, வழுக்கல், துணியின் சொரசொரப்பு. இதை வெளியிலும் மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவது, சீட்டே காரணம் இல்லாத வலி. இறுக்கமான கிளட்ச் இடது தொடையையும் இடுப்பையும் இழுக்கும்; பழி சீட் மேல் விழும். டயரில் காற்று அதிகமாக இருந்தால் ஒவ்வொரு குண்டும் குழியும் முதுகெலும்புக்குப் போகும். அதற்கும் சீட்டைத்தான் திட்டுவோம். நகரத்தில் தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு இடது பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால், மேனுவல் டாப் எண்டைவிட நடு வேரியன்ட்டில் ஏஎம்டி (கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கியர்) எடுப்பது புத்திசாலித்தனம். பல சின்ன கார்களில் ஒரே வேரியன்ட்டின் மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் ஏறக்குறைய ஐம்பதாயிரம்தான் வித்தியாசம்.

கால் மரத்துப்போவது, பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஷோரூம் அப்புறம்.

இரண்டாம் படி: உட்காரத் தெரிந்து உட்காருங்கள்

சிரிக்காதீர்கள். ஷோரூமில் பெரும்பாலோர் கதவைத் திறந்து, பொத்தென்று உட்கார்ந்து, டச் ஸ்கிரீனைத் தடவிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சீட்டை யாரோ எங்கேயோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதில் உட்கார்ந்து "பரவாயில்லை" என்று முடிவு செய்கிறோம்.

பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை முதலில் எடுங்கள். தடித்த பர்ஸ் ஒரு பக்க இடுப்பை உயர்த்தி வைக்கும். நீண்ட பயணத்தில் வரும் வலியில் அதற்கும் பங்குண்டு. பிறகு பிட்டம் சீட்டின் மூலை வரை போய் முட்டும்படி உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதித்துக்கொண்டு சீட்டை நகர்த்துங்கள்; முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை வைத்துப் பாருங்கள். அடுத்து உயரம். கண் முன்கண்ணாடியின் நடுப்பகுதிக்கு நேராக வரவேண்டும், தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். முதுகுப் பகுதியை 100 முதல் 110 டிகிரிக்குள் சாயுங்கள். ஈஸி சேர் மாதிரி சாய்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள் கழுத்தை முன்னே நீட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும், மாலையில் கழுத்து பேசும்.

இப்போது கை. தோள் சீட்டில் ஒட்டியபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படியவேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் ஸ்டீயரிங் தூரம். அதே சமயம் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் வேண்டும், ஏர்பேக் விரிய இடம் அது. இரண்டும் ஒரே நேரத்தில் அமையாத உடம்புதான் என்னுடையது. அப்படிப்பட்டவர்களுக்கு முன்னும் பின்னும் நகரும் ஸ்டீயரிங், அதாவது டெலஸ்கோபிக், ஆடம்பரமே இல்லை.

தொடை: சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி சரியானது. உள்ளங்கையே புகுந்துவிட்டால் பலகை உங்களுக்குக் குட்டை, தொடை அந்தரத்தில் தொங்கும். விரலே போகவில்லை என்றால் பலகை நீளம், விளிம்பு நரம்பை அழுத்தும். இடுப்பு: கீழ்முதுகின் உள்வளைவுக்கும் சீட்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் அங்கே தாங்கல் இல்லை என்று அர்த்தம். ஹெட்ரெஸ்ட் தலையின் உச்சி மட்டத்துக்கு ஏறவேண்டும். கழுத்தோடு நின்றுவிடும் ஹெட்ரெஸ்ட், பின்னாலிருந்து எவனாவது இடித்தால் உதவாது.

இவ்வளவும் செய்து முடிக்க நாலு நிமிடம். அதன்பிறகு இறங்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள். போன் பாருங்கள், அக்காவோடு சண்டை போடுங்கள், எதுவும் செய்யலாம். மெத்தென்ற சீட் முதல் ஐந்து நிமிடம் சொர்க்கமாக இருக்கும். ஃபோம் அமுங்கிய பிறகு எலும்பு தட்டும். கொஞ்சம் கெட்டியான சீட் முதலில் கட்டை மாதிரி தோன்றி, இருநூறாவது கிலோமீட்டரில் நன்றி சொல்ல வைக்கும்.

மூன்றாம் படி: வாங்கப்போகும் வேரியன்ட்டிலேயே உட்காருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். டெஸ்ட் டிரைவுக்கு நிற்கும் வண்டி அநேகமாக டாப் எண்ட். எங்களிடமும் ஷோரூம் பையன், "சார், சீட் எல்லா வேரியன்ட்லயும் ஒண்ணுதான் சார்" என்றான். பொய் இல்லை, சீட் ஒன்றுதான். அதைத் தூக்கும் லீவர்தான் ஒன்றில்லை.

"இந்த வேரியன்ட் ஸ்டாக்யார்டில் இருக்கிறதா? ஓட்டவேண்டாம், உட்கார்ந்து பார்க்கிறோம்" என்று கேளுங்கள். டெலிவரிக்கு நிற்கும் வண்டியில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார விடுவார்கள். அது முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு வழி உண்டு. செல்ஃப் டிரைவ் வாடகைக்கு விடுபவர்களிடம் பெரும்பாலும் நடு வேரியன்ட் இருக்கும். ஒரு நாள் எடுத்து நூறு கிலோமீட்டர் ஓட்டினால் சில ஆயிரம் செலவாகும், ஐந்தாறு வருஷ வலிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. இன்னொன்று, டாக்ஸி. மஞ்சள் போர்டு வண்டிகளில் கீழ் வேரியன்ட்டுகள்தான் அதிகம் ஓடுகின்றன. பின் சீட்டில் ஒரு மணி நேரம் போய்ப் பார்க்க இதைவிட மலிவான டெஸ்ட் கிடையாது. ஓட்டுநரிடம் "முதுகு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதே சீட்டில் இருப்பவர் பூசி மெழுக மாட்டார்.

ஓட்டும்முன் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டிகளை லாரியில் அனுப்பும்போதும் யார்டில் நிறுத்தும்போதும் காற்றைக் கூடுதலாக அடைத்து வைப்பது வழக்கம், சில சமயம் அப்படியே டெஸ்ட் டிரைவுக்கும் வந்துவிடும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். எங்கள் டெஸ்ட் வண்டியில் எட்டு பிஎஸ்ஐ கூடுதல். இறக்கிவிட்டு ஓட்டியதும் அத்தான் சொன்னார்: "இதுதான் காரா, முன்னாடி ஓட்டுனது என்ன?"

நாலாம் படி: பிரோஷரில் ஐந்து வரியை மட்டும் தேடுங்கள்

மாருதியில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ. டாடாவில் ஸ்மார்ட், பியூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ். ஹூண்டாயில் எஸ், எஸ்எக்ஸ் என்று ஆளுக்கொரு ஏணி. எந்தப் படியில் எது வருகிறது என்பதை கம்பெனிகள் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கின்றன. போன வருஷம் போட்ட யூடியூப் வீடியோவை நம்பாமல், கம்பெனி தளத்தில் இருக்கும் இந்த மாதத்துப் பிரோஷரை இறக்கி, கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். மற்றதெல்லாம் விளம்பரம்.

அதில் முதலில் தேடவேண்டியது ஓட்டுநர் சீட் உயரம் மாற்றும் வசதி. என் கணக்கில் இதற்கு மேல் எதுவும் இல்லை. ஐந்தடி சொச்சம் உயரமுள்ள பெண்கள் நம் ஊரில் தலையணை போட்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தளர்வாகக் கிடக்கும் தலையணை சடன் பிரேக்கில் வழுக்கும், அதோடு உடம்பும் பெல்ட்டுக்கு அடியில் சரியும். இடுப்பெலும்பில் படியவேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். லீவர் இருக்கும் வேரியன்ட் எடுப்பது இதற்குச் சரியான வழி.

இரண்டாவது ஸ்டீயரிங். "டில்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் மேலும் கீழும்தான். "டில்ட் அண்ட் டெலஸ்கோபிக்" என்று இருந்தால்தான் முன்னும் பின்னும். நீளக் காலும் குட்டைக் கையும் உள்ளவர்கள் இந்த ஒரு வார்த்தைக்காகவே ஒரு படி ஏறலாம். சில கார்களில் எந்தப் படியிலும் இது கிடையாது, அதையும் அட்டவணையே சொல்லிவிடும்.

மூன்றாவது, தோள் பெல்ட்டின் உயரத்தைத் தூணில் ஏற்றி இறக்கும் வசதி. இல்லாவிட்டால் குட்டையானவர்களுக்குப் பெல்ட் கழுத்தை அறுக்கும். பிறகு பெல்ட்டையே கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். நாலாவது, ஹெட்ரெஸ்ட் ஏறி இறங்குமா, சீட்டோடு சேர்ந்து தைத்ததா என்பது. பின் சீட்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தாவது, இடுப்புத் தாங்கலும் மின்சார சீட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "6 வே" என்றால் முன்-பின், சாய்வு, உயரம், அவ்வளவுதான். கையால் இழுக்கும் லீவரிலேயே கிடைக்கும் மூன்றும் இங்கே மோட்டாரில் நடக்கிறது. "8 வே" என்றால் அநேகமாகப் பலகையின் முன்பக்கத்தைத் தனியாக உயர்த்தலாம். தொடை அந்தரத்தில் தொங்கும் உயரக்காரர்களுக்கு அதில்தான் லாபம். மோட்டாருக்காக 6 வே சீட் வாங்குவது வெறும் சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் காசு. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, முதுகுக்காக என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: டாப் எண்ட் எதைப் பறிக்கிறது என்று பாருங்கள்

மேலே போகப்போக வசதி கூடும் என்ற எண்ணம் சீட் விஷயத்தில் பாதிதான் உண்மை.

சன்ரூஃப் கூரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தைத் தின்னும். ஆறடி ஆள் என்றால் அது பெரிய விஷயம். அத்தான் டாப் எண்டில் உட்கார்ந்தபோது சீட்டைக் கடைசி வரை இறக்கியும் முடி கூரையில் தொட்டது. அதே கார், சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அக்காவுக்கு சன்ரூஃப் ஆசை. "டேய், பசங்க தலையை வெளிய நீட்டிப் பார்ப்பாங்கடா" என்றாள். அதுதான் கூடாது என்று போலீஸ் அபராதம் போடுகிறது என்றேன்.

அப்புறம் சக்கரம். மேல் வேரியன்ட்டில் பெரிய அலாய் வீல், அதற்கேற்ப ஒல்லியான டயர். கணக்கு எளிது: டயரில் 205/65 ஆர்16 என்று இருந்தால், 205 மில்லிமீட்டர் அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவர், அதாவது சுமார் 133 மில்லிமீட்டர். 215/55 ஆர்17 என்றால் 118. பதினைந்து மில்லிமீட்டர் ரப்பர் குறைகிறது. அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான் பள்ளத்தின் முதல் அடியை வாங்குகின்றன. பார்க்க அழகு வேண்டுமா, ஸ்பீடு பிரேக்கரில் இடுப்பு தப்பிக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பேஸ் வேரியன்ட்டின் இரும்பு வீலையும் கொழுத்த டயரையும் கேவலமாக நினைக்காதீர்கள்.

மூன்றாவது, செயற்கைத் தோல். மே மாதம் மதுரையில் வெயிலில் நிறுத்திய வண்டியில் ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கூடவே வழுக்கலும் உண்டு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் அத்தை முன்சீட்டை நோக்கிச் சறுக்கி வருவார். துணி சீட் காற்றை விடும், உடம்பைப் பிடித்து வைக்கும். ஆனால் சாம்பார் கொட்டினால் போச்சு. காற்றோட்ட சீட் இருந்தால் கதை வேறு. சீட்டின் சின்னத் துளைகள் வழியாகச் சின்ன ஃபேன் காற்றை ஓடவிடுகிறது. ஏசியே சீட்டுக்குள் வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றைத்தான் நகர்த்துகிறது. ஆகையால் கார் குளிர்ந்த பிறகுதான் முழுப் பலன். முதுகு நனையாமல் ஊர் போய்ச் சேருவது பெரிய சுகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிவம் ஒத்துவராத சீட்டில் ஃபேன் வைத்தாலும் அது ஒத்துவராத சீட்தான்.

ஆறாம் படி: பின் சீட்டில் உட்காரப்போகிறவரை அழைத்துப் போங்கள்

ஓட்டுகிறவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் பெரியவர்கள் ஐந்து வருஷம் வாய் திறக்காமல் சகித்துக்கொள்வார்கள். அத்தானின் அம்மாவை நாங்கள் அழைத்துப் போனோம். ஏறும்போது தலை முட்டுகிறதா, கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, கீழே குதிக்க வேண்டியிருக்கிறதா, எழும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்தோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சீட் மிகத் தாழ்வாகவும் இருக்கக் கூடாது, ஏறித்தொற்றும் உயரத்திலும் இருக்கக் கூடாது. நின்றபடி லேசாகச் சாய்ந்தால் பிட்டம் சீட்டில் படிகிற உயரமே உத்தமம். இது வேரியன்ட்டில் மாறாது, காரின் வடிவம் சார்ந்தது.

வேரியன்ட்டில் மாறுவது வேறு சில. பின் ஏசி வென்ட், நடுவில் மடக்கும் ஆர்ம்ரெஸ்ட், ஏறி இறங்கும் ஹெட்ரெஸ்ட், சில கார்களில் சாயும் பின் முதுகு. ஆர்ம்ரெஸ்ட் இருக்கும் வேரியன்ட்டில் நடுவில் உட்காருபவரின் முதுகில் அதுவே கட்டையாக இடிக்கும். எப்போதும் பின்னால் மூன்று பேர் என்றால் அது இல்லாத வேரியன்ட் மேல்.

பலர் தவறவிடுவது ஒன்று: உயரம் மாற்றும் முன்சீட்டைக் கடைசி வரை இறக்கினால், அதன் அடியில் பின்னால் இருப்பவரின் பாதம் நுழைய இடமிருக்காது. அத்தான் ஓட்டும்போது அவருடைய அம்மா எந்தப் பக்கம் உட்காருவது என்பதை இது தீர்மானித்தது. மின்சார வண்டி பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் பல வண்டிகளில் தரை உயர்ந்திருக்கும், பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் மேலே ஏறித் தொடை சீட்டில் படாது. எந்த வேரியன்ட் எடுத்தாலும் அது மாறாது.

ஏழாம் படி: ஆன்ரோடு கணக்கு போடுங்கள்

வேரியன்ட் வித்தியாசத்தை எக்ஸ் ஷோரூம் விலையில் (சாலை வரி சேராத விலை) பார்க்காதீர்கள், வரியெல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் சாலை வரி மாறியது. 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சம் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும்.

எங்கள் முன்னே மூன்று வேரியன்ட் இருந்தன. எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கித் தருகிறேன். நடு வேரியன்ட் 9.35 லட்சம், அதற்கு அடுத்தது 9.95, டாப் எண்ட் 10.85. நடுவிலிருந்து அடுத்ததற்குப் போனால் விலையில் 60,000, வரியில் 7,800, ஆக 67,800 கூடும். அதற்குக் கிடைப்பது சீட் உயர லீவர், டெலஸ்கோபிக் ஸ்டீயரிங், பின்னால் ஏறி இறங்கும் ஹெட்ரெஸ்ட். அங்கிருந்து டாப் எண்டுக்குப் போனால் விலையில் 90,000. வரியோ 1,29,350-லிருந்து 1,95,300-க்குத் தாவும். சேர்த்தால் 1,55,950 கூடுதல். பத்து லட்சம் தாண்டினால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி முன்பிடித்தம்) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பும், ஆனாலும் இப்போது கையிலிருந்துதான் போகும். கிடைப்பது சன்ரூஃப், பெரிய வீல், ரெக்ஸின். அத்தானைப் பொறுத்தவரை மூன்றும் உபத்திரவம்.

கடனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும், 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் ஏறக்குறைய 2,076 ரூபாய். சீட் உயர லீவருக்கு மாதம் ஆயிரத்து நானூறு கொடுக்கலாமா என்று கேட்டால், தினமும் ஓட்டுபவருக்குக் கொடுக்கலாம். மாதம் இரண்டு முறை கோயிலுக்குப் போகிறவருக்கு வேண்டாம்.

எட்டாம் படி: வெளியில் சரிசெய்யக்கூடியதை வேரியன்ட்டில் வாங்காதீர்கள்

சீட்டுக்குத் துணி, ரெக்ஸின், கை வைக்கும் ஆர்ம்ரெஸ்ட், இடுப்புக்குச் சின்னத் தலையணை, இதெல்லாம் கடையில் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நடந்தாலே போதும், உங்கள் காரின் பெயரைக் கூவி அழைப்பார்கள். நல்ல கைவேலைக்காரர், கவர் தைக்கும்போதே இடுப்புப் பகுதியில் மெல்லிய ஃபோம் வைத்துத் தருவார். முதலில் ஒரு துண்டை மடித்து அந்த இடத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எந்த உயரத்தில், எவ்வளவு தடிமனில் வைத்தால் சுகம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் வேலை சுத்தமாக முடியும். பொதுவாக நாம் நினைப்பதைவிடக் கீழேயும் மெல்லியதாகவும்தான் தேவைப்படும், பெல்ட் கட்டும் மட்டத்தில்.

கவர் போடும்போது ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் முதுகுப் பகுதியில், கதவுப் பக்கம் இருக்கும். சின்னதாக ஒரு லேபிள் தைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை இழுத்து மூடித் தைத்தால் ஏர்பேக் வெளியே வர வழியிருக்காது. முன்பெல்லாம் டாப் எண்ட்காரர்களின் கவலை இது. ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லாக் கார்களுக்கும் 6 ஏர்பேக் கட்டாயம் என்று அறிவித்தது, மற்றவர்களும் அந்த வழிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பேஸ் எடுத்தவரும் இப்போது இதைப் பார்த்தாகவேண்டும். பக்கம் திறந்திருக்கும் கவரா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளியில் செய்யக் கூடாதவை: சீட் உயர லீவர் பொருத்துவது, வேறு வேரியன்ட்டின் சீட்டைக் கழற்றி மாட்டுவது. பெல்ட்டின் கொக்கி சீட் சட்டத்தோடு சேர்ந்தது, அடியில் ஏர்பேக் வயர் ஓடுகிறது. கடைக்காரர் "ஈஸி சார்" என்பார். விபத்து நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். காற்றோட்ட ஃபேன் கிட் பொருத்துவதும் வயரை வெட்டி ஒட்டும் வேலைதான், வாரன்டிக்குச் சிக்கல். டெலஸ்கோபிக் ஸ்டீயரிங்கை எந்தக் கடையிலும் பொருத்த முடியாது. ஆக இந்த இனங்களுக்குத்தான் கம்பெனியிடம் காசு கொடுக்கவேண்டும்.

ஒன்பதாம் படி: புக்கிங்கில் வேரியன்ட் பெயரை முழுதாக எழுதி வாங்குங்கள்

"எஸ்எக்ஸ்" என்பதும் "எஸ்எக்ஸ் ஆப்ஷனல்" என்பதும் ஒரு வார்த்தை வித்தியாசம்தான், வண்டியில் இரண்டும் வேறு வேறு. புரோஃபார்மா இன்வாய்ஸில் (புக்கிங்கின்போது தரும் முன்விலைச் சீட்டு) முழுப் பெயரும் இருக்கவேண்டும். அதன் பக்கத்தில் உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று வசதிகளைப் பேனாவால் எழுதி, சேல்ஸ் எக்ஸிகியூட்டிவிடம் கையெழுத்து கேளுங்கள். சங்கடப்படுவார், ஆனால் உள்ளே போய் ஒரு முறை சரிபார்த்துவிட்டு வருவார். நமக்கு வேண்டியது அதுதான். "அந்த வேரியன்ட் வர ரெண்டு மாசம் ஆகும், இது ரெடியா நிக்குது" என்ற பாட்டு கட்டாயம் வரும். நான் முதல் கார் வாங்கியபோது மயங்கிய பாட்டு இதேதான்.

டெலிவரி நாளில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை உட்கார்ந்து, லீவரை மேலும் கீழும் இழுத்து, சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் நகர்த்தி, ஹெட்ரெஸ்ட்டை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் சிக்கிக்கிடக்கும் பிளாஸ்டிக் துண்டை அங்கேயே எடுக்கச் சொல்லலாம்.

இரண்டு பேர் ஓட்டும் வீட்டில் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. அக்கா 9.95 வேரியன்ட்டைத்தான் எடுத்தாள். அந்த லீவர் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற ரகம். அடிமட்டத்திலிருந்து அக்காவுக்குப் பதினொரு இழுப்பு, அத்தானுக்குப் பூஜ்யம். முன்-பின் நகர்த்துவதற்கு, தண்டவாளத்தின் ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். இப்போது வண்டியில் ஏறியதும் அக்கா வாய்விட்டு எண்ணிக்கொண்டுதான் சீட்டை ஏற்றுகிறாள்.